எரிந்த ஆலயமும் ஒருமைப்பாட்டுச் சிற்றாலயமும்

பேரழிவு ஒன்று ஒரு சமூகத்தைத் தாக்கும்போது மக்கள் முதலில் இழந்தவற்றை எண்ணுகின்றனர். அடுத்து எஞ்சியவற்றை எண்ணுகின்றனர். அதன் பின்னரே எதனை மீளக் கட்டுவது, எதனை அப்படியே விட்டுவிடுவது என்னும் கேள்வி எழுகின்றது. வீடு, வீதி, தொழிற்சாலை ஆகியவற்றைப் பொறுத்தவரையில் இக்கேள்விக்கு விடை காண்பது ஓரளவு எளிது. ஆலயத்தைப் பற்றியும், ஆலயத்தில் கூடும் மக்களிடையே நிலவும் உறவைப் பற்றியும் இதே கேள்வி எழும்போது விடை அத்துணை எளிதன்று. பழைய சுவர்களை எழுப்புகின்றவர்கள் அச்சுவர்களோடு கூடிநின்ற பழைய பிரிவினைகளையும் திரும்ப எழுப்பத்தான் வேண்டுமா? இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கொவென்றி நகரத்துக் கிறிஸ்தவர்கள் 1940ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு வரை இக்கேள்வியோடு போராடினர். அந்தப் போராட்டத்தின் வரலாறே இவ்வுரையின் பொருளாகும்.

கொவென்றி பழமை வாய்ந்த தொழில் நகரம். நெசவு, நாடா உற்பத்தி, கடிகாரம், துவிச்சக்கர வண்டி, மோட்டார் வாகனம் எனக் காலத்துக்குக் காலம் தொழில்கள் மாறியபோதும் உழைப்பாளர்களின் நகரமாகவே அது விளங்கிவந்தது. அந்நகரின் சமய வரலாறு அமைதியானதன்று. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செருப்புத் தைப்போர் முதலிய எளிய தொழிலாளர் சிலர் அங்கே தீக்கிரையாக்கப்பட்டனர். தங்கள் பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய செபத்தைத் தாய்மொழியிற் கற்பித்தமையே அவர்கள் செய்த தலையாய குற்றம் என்று ஜோன் பொக்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளார். 1539 இல் எட்டாம் ஹென்றி மன்னனின் ஆணையால் நகரின் பழைய துறவிமடம் கலைக்கப்பட்டது. அதன் பேராலயமும் இடிக்கப்பட்டது. 1555 இல் மேரி அரசியின் ஆட்சியிலே, லோரன்ஸ் சோண்டர்ஸ் என்னும் புரட்டஸ்தாந்து குரு அதே நகரில் எரிக்கப்பட்டார். ஒரே செபத்தைச் சொல்லியோர் ஒருவரையொருவர் தீயிலிட்ட மண் அது.

1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அரச திருச்சபையின் வழிபாட்டு நூலை முற்றாக ஏற்க மறுத்த ஏறத்தாழ 2,000 குருமார் இங்கிலாந்து முழுவதிலும் தம் பதவிகளை இழந்தனர். இவ்வாறு பிரிந்து நின்றோரின் வழியிலும், பிற்காலத்து எழுப்புதல்களின் வழியிலும் வந்த மெதடிஸ்தர், பப்திஸ்தர், கொங்கிரிகேஷனல் சபையார், பிரெஸ்பிற்றேரியர் முதலியோரைச் சுயாதீன திருச்சபையார் எனப் பொதுப்பட அழைப்பர். கொவென்றியில் இவர்கள் தொகையாலும் செல்வாக்காலும் குறைந்தவர்களல்லர். அரச திருச்சபையார் ஒருபுறம், சுயாதீன திருச்சபையார் ஒருபுறம், கத்தோலிக்கர் மற்றொருபுறம் என ஒரே வீதியில் வாழ்ந்தோர் ஞாயிறு காலையில் வெவ்வேறு வாசல்களை நோக்கிச் சென்றனர். ஒருவரோடு எவரும் பேசாது ஒதுக்கிவைத்தலை ஆங்கில வழக்கிலே ‘கொவென்றிக்கு அனுப்புதல்’ என்பர். அவ்வழக்கு எங்ஙனம் தோன்றிற்று என்பது பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். எவ்வாறாயினும், விலக்கிவைத்தலுக்கு ஒரு நகரின் பெயரே வழக்குச் சொல்லாகி நின்றது.

இந்நகரிலே 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த புனித மிகாவேல் ஆலயம் இங்கிலாந்தின் மிகப் பெரிய பங்கு ஆலயங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. அதன் கூர்ங்கோபுரம் ஏறத்தாழ 295 அடி உயரமுடையது. 1918 இல் கொவென்றி தனி அத்தியட்சாதீனம் ஆக்கப்பட்டபோது இவ்வாலயம் பேராலயமாயிற்று. பேராலயம் என்னும் பெருமையை அது முழுவடிவிலே தாங்கி நின்றது இருபத்திரண்டே ஆண்டுகள்.

1940ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆந் திகதி இரவு, நிலவு பகல்போல எறித்தது. மாலை ஏழு மணியளவில் ஜேர்மன் விமானங்கள் நகரின்மேல் வந்தன. ஏறத்தாழ ஐந்நூறு விமானங்கள் அலையலையாக வந்து, பதினொரு மணி நேரம் எரிகுண்டுகளையும் வெடிகுண்டுகளையும் பொழிந்தன. விமானம், மோட்டார், ஆயுதம் ஆகியவற்றை உற்பத்தி செய்த தொழிற்சாலைகள் அங்கே நிறைந்திருந்தமையே தாக்குதலுக்குக் காரணம். ஆனால் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடிமனைகளும் நெருங்கிக் கிடந்த நகரிலே குண்டுகள் இரண்டையும் வேறுபடுத்தவில்லை. 4,300 இற்கு மேற்பட்ட வீடுகள் முற்றாக அழிந்தன. குறைந்தது 568 பேர் மாண்டனர். இவ்வழிவைக் கண்டு பெருமிதமுற்ற ஜேர்மன் பிரசாரகர், ஒரு நகரை அடியோடு அழிப்பதற்குக் கொவென்றியின் பெயரிலிருந்தே புதிய வினைச்சொல்லொன்றை ஆக்கிக்கொண்டனர். விலக்கிவைத்தலுக்குப் பெயர் தந்த நகரம் இப்போது அழிவுக்கும் பெயர் தந்தது.

அன்றிரவு பேராலயத்தின் கூரைமீது காவலிருந்தோர் நால்வர்: பேராலய முதல்வர் றிச்சட் ஹோவர்ட், கற்சிற்பி ஜொக் போர்ப்ஸ், இளைஞர் இருவர். எட்டு மணியளவில் முதல் எரிகுண்டுகள் வீழ்ந்தன. மணலாலும் வாளித் தண்ணீராலும் அவற்றை அணைத்தனர். மேலும் மேலும் குண்டுகள் வீழ்ந்தன. பழைய ஓக் மரக் கூரையின் உட்புறத்தே தீ பரவியபோது அவர்களுடைய கைகளும் களைத்தன, மணலும் தீர்ந்தது. தீயணைப்புப் படையினர் வந்தபோது நகரின் நீர்க்குழாய்கள் உடைந்து தண்ணீர் வற்றிவிட்டது. பீடத்துச் சிலுவை, மெழுகுதிரித் தண்டுகள் முதலியவற்றைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய அவர்கள், ஆலயம் எரிவதைப் பார்த்து நிற்பதன்றி வேறொன்றுஞ் செய்ய இயலவில்லை. கோபுரம் மட்டும் வீழாது நின்றது. அதன் மணிக்கூடு அவ்விரவு முழுவதும் தவறாது மணி ஒலித்துக்கொண்டிருந்தது என்பர்.

மறுநாட் காலையில் எஞ்சியவை வெளிச்சுவர்களும் கோபுரமுமே. நகரத்தார் தம் இறந்தோரை நவம்பர் 20ஆந் திகதியும் 23ஆந் திகதியும் லண்டன் வீதி மயானத்திலே நீண்ட குழிகளில் ஒருங்கே அடக்கஞ்செய்தனர். உயிரோடிருந்தபோது வெவ்வேறு ஆலய வாசல்களுக்குச் சென்றவர்கள் ஒரே குழியிலே பக்கத்திற் பக்கமாகக் கிடந்தனர். இந்த உண்மையை உயிரோடிருந்தவர்களும் பார்த்தனர். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இதனை மனத்தில் இருத்துதல் வேண்டும். ஆயினும், துன்பம் தானாகவே மனிதரை ஒன்றுபடுத்திவிடும் என்று எண்ணுதல் தவறு. துன்பம் சிலரைக் கசப்பாக்குகின்றது. சிலரைத் தத்தம் குடிசைக்குள் ஒடுங்கச் செய்கின்றது. அது ஒரு கதவைத் திறந்துவிடலாம். அக்கதவின் வழியே நடப்பது மனிதர் செய்யவேண்டிய செயலாகும்.

ஹோவர்ட் நடந்தார். ஆலயம் மீளக் கட்டப்படும் என்று அந்த அழிவின் மறுநாளே அவர் துணிந்தார். பகைவரை எதிர்த்து நிற்கும் வீறாப்புக்காக அன்று, விசுவாசத்தின் அடையாளமாகவே அது கட்டப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இடிபாட்டினிடையே எரிந்து கருகிய கூரைமரங்கள் இரண்டு குறுக்கும் நெடுக்குமாக வீழ்ந்து சிலுவைபோற் கிடந்ததைக் கண்ட ஜொக் போர்ப்ஸ், அவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார். கூரைமரங்களைப் பிணைத்திருந்த பழைய இரும்பு ஆணிகள் சாம்பலிலே சிதறிக் கிடந்தன. ஆர்தர் வேல்ஸ் என்னும் அயலூர்க் குரு அவற்றுள் மூன்றை எடுத்துச் சிலுவையாக இணைத்தார். இடிந்த கற்களைக் கொண்டே போர்ப்ஸ் ஒரு பீடத்தை அமைத்தார். கருகிய மரம், துருவேறிய ஆணி, உடைந்த கல் ஆகிய மூன்றுமே புதிய வழிபாட்டின் முதற் பொருள்களாயின. இவற்றை வாங்குவதற்குப் பணமோ, இவற்றை அமைப்பதற்குத் திருச்சபைச் சங்கத்தின் தீர்மானமோ வேண்டியிருக்கவில்லை.

வானொலி நேயர்கள் சிறப்பாக அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்று அவ்வாண்டு நத்தார் தினத்தன்று நடைபெற்றது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக, இடிபாடுகளின் நடுவே நின்று ஹோவர்ட் உலகெங்குமுள்ள நேயர்களுக்குப் பேசினார். குண்டுவீச்சு நடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. போரோ மேன்மேலும் கொடிதாகிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் அவர், பழிவாங்கும் எண்ணத்தை உள்ளத்திலிருந்து அகற்றத் தாமும் தம்மவரும் கடினப்பட்டு முயல்வதாகவும், போர் முடிந்தபின் முன்னிலும் எளிமையும் இரக்கமும் உடைய ஓர் உலகை ஆக்க முயலப்போவதாகவும் கூறினார். பிள்ளைகளைப் புதைத்த பெற்றோர் எல்லோர்க்கும் அச்சொற்கள் இனித்திருக்கும் என எண்ண இயலாது. மன்னித்தல் எளிது என்று ஹோவர்டும் கூறவில்லை. முயல்கின்றோம் என்றே கூறினார். அச்சொல்லின் நேர்மையே அவ்வுரையின் வலிமை.

1948 இல் இடிபாட்டுப் பீடத்தின் பின்னுள்ள சுவரிலே, ‘பிதாவே, மன்னியும்’ என்னும் பொருள்பட இரண்டே ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டன. சிலுவையிலே கிறிஸ்து வேண்டிய வேண்டுதலின் தொடக்கம் அது. ஆனால், யாரை மன்னிக்கவேண்டும் என்பதைக் குறிக்கும் சொல் அங்கே இடம்பெறவில்லை. இது தற்செயலாக நிகழ்ந்த விடுபாடன்று. ‘அவர்களை’ என்று எழுதினால் குற்றவாளிகள் எல்லோரும் எதிர்ப்பக்கத்திலேயே நிற்பர். அச்சொல் இல்லாதபோது, குண்டு வீசியவனும் குண்டுக்குத் தப்பியவனும் ஒருங்கே மன்னிப்பை நாடி நிற்கின்றனர். கர்த்தருடைய செபத்தைக் கற்பித்தமைக்காக மனிதரை எரித்த நகரிலே இந்தச் சொற்கள் பொறிக்கப்பட்டன என்பதை எண்ணுங்கால், அவற்றின் பொருள் மேலும் ஆழமாகின்றது.

இங்கேதான் மன்னிப்பும் திருச்சபை ஒருமைப்பாடும் ஒன்றையொன்று தொடுகின்றன. கடலுக்கு அப்பாலுள்ள பகைவனுக்குக் கை நீட்டுகின்ற ஒரு திருச்சபை, அடுத்த வீதியிலுள்ள மெதடிஸ்தச் சகோதரனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது எங்ஙனம் பொருந்தும்? ஹோவர்டும், 1943 இல் கொவென்றி அத்தியட்சராக வந்த நெவில் கோற்றனும் இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. அவர்கள் சுயாதீன திருச்சபைத் தலைவர்களோடு கூடியமர்ந்து ஒரு திட்டம் வகுத்தனர். புதிய பேராலயத்தோடு ஓர் ஒருமைப்பாட்டுச் சிற்றாலயம் அமைதல் வேண்டும். அதனை இரு சாராரும் சேர்ந்த ஒரு கூட்டுச் சபை நிருவகித்தல் வேண்டும். அதனோடு இணைந்து நகர மக்களுக்கான கிறிஸ்தவ சேவை நிலையம் ஒன்று இயங்குதல் வேண்டும் என்பதே அத்திட்டம். கோட்பாட்டில் உடன்பாடு காணும்வரை காத்திராது, செபத்திலும் சேவையிலும் முதலிற் கைகோத்தல் என்னும் நெறியை அவர்கள் மேற்கொண்டனர்.

அக்காலத்திலே உலகெங்கும் திருச்சபைகள் ஒன்றையொன்று நாடிக்கொண்டிருந்தன. 1942 இல் பிரித்தானியத் திருச்சபைகள் மன்றம் அமைந்தது. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி சென்னையிலே அங்கிலிக்கன், மெதடிஸ்த, கொங்கிரிகேஷனல், பிரெஸ்பிற்றேரிய மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையை நிறுவினர். நமது யாழ்ப்பாண ஆதீனமும் சபாபதி குலேந்திரன் அவர்களை முதற் பேராயராகக் கொண்டு அதிலே சேர்ந்தது. 1948 இல் அம்ஸ்ரடாம் நகரிலே உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது, தொடக்க வழிபாட்டிலே பிரசங்கித்தவர்களுள் ஒருவர் இலங்கைத் தமிழராகிய டி. ரி. நைல்ஸ். ஆகவே, கொவென்றியில் நடந்தது தனித்த ஒரு முயற்சியன்று. ஆனால் சென்னையிலும் அம்ஸ்ரடாமிலும் நெடுங்காலப் பேச்சுவார்த்தையின் பயனாய்க் கிட்டியதைக் கொவென்றியார் இடிபாட்டின் நடுவே, உடனடித் தேவையின் உந்துதலால் நாடினர் என்பதே வேறுபாடு.

கட்டும் வேலை தடையின்றி நடைபெறவில்லை. சேர் கைல்ஸ் கில்பேட் ஸ்கொற் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் முதலில் நியமிக்கப்பட்டார். அவருடைய வரைபடம் எதிர்ப்புக்குள்ளாகவே 1947 இல் அவர் விலகினார். பின்னர் 1950 இல் ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. 219 வரைபடங்கள் வந்தன. 1951 இல் பசில் ஸ்பென்ஸ் என்பவரின் வரைபடம் தெரிவு செய்யப்பட்டது. அதன்பின் வேறொரு வழக்கு எழுந்தது. மக்களுக்கு வீடுகளும் பாடசாலைகளும் போதாதிருக்க, ஆட்களையும் பொருள்களையும் பேராலயத்தில் செலவிடுவது முறையா என்று நகர சபையினர் கேட்டனர். 1954 இல் கட்டட அனுமதியைத் தாமதிக்குமாறு அரசாங்கத்தை வேண்டினர். அக்கேள்வியைச் சமயப் பகை என்று ஒதுக்கிவிடலாகாது. குடியிருக்கக் கூரையில்லாதவன் ஆலயக் கூரையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. அமைச்சர் டேவிட் எக்கிள்ஸ், இப்பேராலயம் கொவென்றிக்கு மட்டும் உரியதன்று, நாடு முழுவதற்கும் உரியது என்னும் கருத்துப்பட மறுமொழி எழுதி அனுமதி வழங்கினார். 1956ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி எலிசபெத் மகாராணியார் அடிக்கல் நாட்டினார்.

ஸ்பென்ஸின் வரைபடத்தில் இரண்டு துணிவுகள் சிறந்து நின்றன. முதலாவது, பழைய ஆலயத்தின் இடிபாடுகளை அவர் அகற்றவுமில்லை, பழையபடி திருத்தவுமில்லை. அவற்றை வானத்தைக் கூரையாகக் கொண்ட முற்றமாக அப்படியே விட்டு, அவற்றுக்குச் செங்குத்தாகப் புதிய ஆலயத்தை எழுப்பி, இரண்டையும் உயர்ந்த மண்டபமொன்றால் இணைத்தார். புதிய ஆலயத்தின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. ஜோன் ஹற்றன் என்னும் கலைஞர் அதிலே பரிசுத்தவான்களையும் தேவதூதர்களையும் செதுக்கினார். பீடத்திலிருந்து திரும்பிப் பார்ப்பவன் அக்கண்ணாடியினூடாக எரிந்த ஆலயத்தைக் காண்கின்றான். இடிபாட்டில் நிற்பவனோ அதே கண்ணாடியினூடாக, கிரகாம் சதர்லாந்து வரைந்து பிரான்ஸ் தேசத்திலே நெய்யப்பட்ட மாபெரும் கிறிஸ்து உருவத்தை நோக்குகின்றான். இழப்பை மறைக்காத நம்பிக்கையும், நம்பிக்கையை இழக்காத துக்கமும் அங்கே எதிரெதிரே நிற்கின்றன.

இரண்டாவது துணிவு ஒருமைப்பாட்டுச் சிற்றாலயத்துக்கு அவர் தந்த இடம். ஆலய வாசலின் ஒருபுறத்தே ஞானஸ்நானத் தொட்டி இருக்கின்றது. அது பெத்லகேமுக்கு அருகிலிருந்து கொண்டுவரப்பட்ட கரடுமுரடான பாறை. அதற்கு நேரெதிரே மறுபுறத்தில் ஒருமைப்பாட்டுச் சிற்றாலயம் அமைந்துள்ளது. இவ்வமைப்பிலே ஒரு சமய உண்மை பொதிந்துள்ளது. திருவிருந்து மேசையிலே பிரிந்து நிற்கும் திருச்சபைகளுள் மிகப் பலவும் ஞானஸ்நானத்தை ஒன்றெனவே ஒப்புக்கொள்கின்றன. எனவே ஒருமைப்பாட்டைத் தேடுவோர் தொடங்கவேண்டிய இடம் அத்தொட்டியே. சிற்றாலயம் நட்சத்திர வடிவுடையது. நடுவே புறாவும் சுற்றிலும் கண்டங்களைக் குறிக்கும் சின்னங்களும் அமைந்த அதன் பல்வண்ணக் கற்றளம், சுவீடன் நாட்டு மக்களின் நன்கொடை. வகுத்தவர் ஐனார் போர்செத். மார்கரெட் திரஹேண் அமைத்த ஒடுங்கிய நிறக்கண்ணாடிச் சாளரங்களின் ஒளி அத்தளத்திலே விழுந்து பரவுகின்றது.

இவ்வளவும் கூறியபின் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. 1962 இல் இச்சிற்றாலயம் திறக்கப்பட்டபோது, அது குறித்த ஒருமைப்பாடு இன்னும் உண்டாகவில்லை. அத்தியட்சரால் அபிஷேகம் பெறாத போதகரின் ஊழியத்தை அங்கிலிக்கன் திருச்சபை தன் குருத்துவத்துக்கு ஒப்பானதாக ஏற்கவில்லை. ஆகவே ஒருங்கே செபித்தவர்கள் ஒரே மேசையிலே தடையின்றி அப்பம் பிட்க இயலாதிருந்தனர். கத்தோலிக்கர் தொடக்கத்தில் இக்கூட்டு முயற்சியிற் சேர்ந்திருக்கவில்லை. இல்லாத ஒன்றுக்கு ஆலயங் கட்டுவதா என்று ஒருவர் ஏளனஞ் செய்திருக்கலாம். ஆனால் விசுவாசிகள் அதனை வேறுவிதமாகக் கண்டனர். அது அவர்கள் தங்கள் பேரிலே எழுதிக்கொடுத்த கடன்பத்திரம். கல்லிலும் கண்ணாடியிலும் எழுதப்பட்ட அப்பத்திரம், வருகின்ற ஒவ்வொருவரிடமும் அக்கடன் தீர்க்கப்பட்டதா என்று வினவிக்கொண்டே நிற்கின்றது.

பகைவரோடு ஒப்புரவாகும் பணி அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1947 இல் ஆணிச் சிலுவையொன்று ஜேர்மனியின் கீல் நகருக்குக் கொடுக்கப்பட்டது. கீல் பிரித்தானிய விமானங்களால் அழிக்கப்பட்ட துறைமுகம். 1958 இல் பிரித்தானியாவுக்கு வந்த மேற்கு ஜேர்மன் ஜனாதிபதி தியோடோர் ஹொய்ஸ், புதிய பேராலயத்துக்கு நன்கொடை வழங்கினார். 1961 இல் பதினாறு இளம் ஜேர்மனியர் கொவென்றிக்கு வந்து, எரிந்த ஆலயத்தின் பாழடைந்த அறைகளைத் திருத்திச் சர்வதேச ஒப்புரவு நிலையமாக்கும் வேலையில் ஈடுபட்டனர். தந்தையர் இடித்ததைப் பிள்ளைகள் கட்டினர். 1965 இல் பிரித்தானிய இளைஞர் டிறெஸ்டன் நகருக்குச் சென்று, குண்டுவீச்சில் அழிந்த மருத்துவமனையொன்றைக் கட்ட உதவினர். 1945 பெப்ரவரியிலே அந்நகரில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். அங்கே சுவரிற் பொறித்த சொற்களில் ‘அவர்களை’ என்பது விடுபட்டதன் காரணம் எல்லோர்க்கும் விளங்கியிருக்கும்.

1962ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி புதிய பேராலயம் பிரதிட்டை செய்யப்பட்டது. ஐந்து நாள் கழித்து, பெஞ்சமின் பிரிற்றன் இயற்றிய போர் இரங்கற் பூசை இசை அங்கே முதன்முதலாக இசைக்கப்பட்டது. இலத்தீன் பூசை வாசகங்களோடு, முதலாம் உலகப்போரிலே மாண்ட வில்பிரட் ஓவென் என்னும் கவிஞரின் பாடல்களை அவர் அதில் இணைத்திருந்தார். ஆங்கிலேயர், ஜேர்மனியர், ரஷ்யர் என முந்நாட்டவர் சேர்ந்து பாடவேண்டும் என்பது அவர் விருப்பம். பீற்றர் பியர்ஸும் டீற்றிக் பிஷர் டீஸ்கோவும் பாடினர். ரஷ்யப் பாடகியான கலினா விஷ்னெவ்ஸ்காயாவுக்குச் சோவியத் அதிகாரிகள் அனுமதி மறுத்தமையால், அவரிடத்திலே ஹெதர் ஹார்ப்பர் என்பவர் பாடினார். ஒப்புரவின் விழாவிலேயே ஓர் இடம் வெறுமையாயிற்று. சிற்றாலயம் நிறைவேறாத ஒருமைப்பாட்டை நினைவூட்டியதுபோல், அவ்விசையும் நிறைவேறாத சமாதானத்தை நினைவூட்டிற்று.

பின்வந்த ஆண்டுகளிலே கடனின் ஒரு பகுதி தீர்ந்தது. 1972 இல் இங்கிலாந்தின் கொங்கிரிகேஷனல் சபையாரும் பிரெஸ்பிற்றேரியரும் ஒரே திருச்சபையாயினர். அவ்வாண்டிலேயே பிற திருச்சபைகளிலே ஞானஸ்நானம் பெற்றுத் திருவிருந்திற் பங்குகொள்வோரைத் தன் மேசைக்கு வரவேற்க அங்கிலிக்கன் திருச்சபை வழி திறந்தது. ஆயினும் அதே ஆண்டில், அங்கிலிக்கன் மெதடிஸ்த இணைப்புத் திட்டம் வேண்டிய முக்காற்பங்கு வாக்குகளைப் பெறாது தோல்வியுற்றது. கத்தோலிக்கத் திருச்சபையோ இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின் பிரிந்த சகோதரரை நோக்கித் திரும்பிற்று. 1982ஆம் ஆண்டு மே 30ஆந் திகதி, பெந்தெகொஸ்தே திருநாளன்று, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொவென்றி விமானத்தளத்திலே பெருந்திரளான மக்களுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்துச் சமாதானம் பற்றிப் பேசினார். ஒருகாலத்திலே பாப்பரசரை மறுத்தமைக்காகவும், பிறிதொருகாலத்திலே ஏற்றமைக்காகவும் மனிதரைக் கொன்ற நாடு அது.

2005ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி டிறெஸ்டனின் மாதா ஆலயம் மீண்டும் பிரதிட்டை செய்யப்பட்டது. அதன் உச்சியிலுள்ள பொற்சிலுவை பிரித்தானிய மக்களின் நன்கொடை. அதனைச் செய்த பொற்கொல்லரின் தந்தை, அந்நகரைத் தாக்கிய விமானிகளுள் ஒருவர். அவ்வாலயப் பீடத்திலே கொவென்றியின் ஆணிச் சிலுவை இருக்கின்றது. இன்று உலகின் பல நாடுகளிலும் இருநூறுக்கு மேற்பட்ட ஆலயங்களும் நிலையங்களும் அச்சிலுவையின் பெயரால் இணைந்து ஒப்புரவுப் பணி ஆற்றுகின்றன. விலக்கிவைத்தலுக்கும் அழிவுக்கும் வழக்குச் சொல்லாயிருந்த நகரின் பெயர் மூன்றாவது பொருளொன்றையும் பெற்றுவிட்டது. முதலிரண்டு பொருள்களும் பிறர் சூட்டியவை. மூன்றாவதை அந்நகரத்தார் தாமே உழைத்துச் சம்பாதித்தனர்.

கொவென்றியின் வரலாறு நமக்குக் காட்டுவது யாது? பேரழிவின்பின் ஒரு சமூகம் எழும்போது இரண்டு சோதனைகள் அதனை எதிர்கொள்கின்றன. ஒன்று, நேர்ந்ததை மறந்து, எல்லாம் முன்போலவே இருப்பதாகப் பாவனை செய்தல். மற்றையது, நேர்ந்ததையே நினைந்து நினைந்து, இடிபாட்டுக்குள்ளேயே குடியிருத்தல். கொவென்றியார் இடிபாட்டைக் காத்தனர். ஆனால் அதற்கு அருகிலே கட்டினர். மன்னிப்பைச் சுவரிலே பொறித்தனர். ஆனால் அதனை முடிந்த காரியமாகக் கருதாது வெள்ளிதோறும் நண்பகலில் அவ்விடத்திலே ஒப்புரவு மன்றாட்டைச் சொல்லிவருகின்றனர். ஒருமைப்பாடு கைகூடுமுன்னரே அதற்கு இடம் ஒதுக்கினர்.

இவற்றுள் இறுதியானதே யாவற்றிலும் அரியது எனலாம். திருச்சபைகளுக்கிடையேயுள்ள வேற்றுமைகள் பொய்யானவையல்ல. அவற்றுக்காக மனிதர் உயிரைக் கொடுத்துள்ளனர். அவற்றைப் பேசித் தீர்த்தபின்னரே அயலவனோடு முழங்காற்படியிடுவோம் என்று காத்திருப்போர் நெடுங்காலம் காத்திருக்க நேரிடும். ஒரே நெருப்பிலே எரிந்தவர்களும் ஒரே குழியிலே அடங்கியவர்களும் அத்தனை அவகாசம் நமக்கு உண்டு என்று சொல்லவில்லை. தளத்திலே வண்ண ஒளி விழும் அந்தச் சிறிய நட்சத்திர வடிவக் கூடம் இன்றும் திறந்தேயிருக்கின்றது. எழுதிக்கொடுத்த கடனில் எஞ்சியது எவ்வளவு என்பதை அங்கே செல்லும் ஒவ்வொரு கிறிஸ்தவனும் தன் உள்ளத்திலேயே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியவனாகின்றான்.